ராணி நாணயத்தின் விளிம்பு

சுண்டு என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் டாக்டர்களுக்குப் பல் செட்டும், பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும் செய்துகொடுக்கும் லேப் ஒன்றில் முப்பது வருடமாக வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'மேடம்'. லிஃப்ட் மெக்கானிக்கான கணவருக்கு 'இந்தாம்மா'. பிறந்த அன்று சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம்; அதனால் அண்ணனுக்கு மட்டும் சுண்டு.

அண்ணன் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சகத்தில் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் அரட்டை தானாக நின்றுவிடும் என்பதால். மருந்துச் சீட்டைக் கொடுத்தாலும் முதலில் எழுத்துப் பிழையைத்தான் பார்ப்பார், பிறகுதான் மருந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், 'வீட்டில் ஏற்கெனவே ஒரு ராணி இருக்கிறாள்' என்பார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் ராணி இருந்தது உண்மை.

அவர் பழைய நாணயங்கள் சேர்ப்பவர். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய செம்புக் காசுகள், ஓட்டை போட்டவை, மூளியானவை, யார் முகம் என்றே தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை என்று நானூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை, உறைமேல் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் நாலு வரி. ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது ஒரே ஒரு வெள்ளி நாணயத்தின் மேல்தான். ஒரு பக்கம் ராணியின் முகம், மறுபக்கம் ஒரு படகு. முகத்தைச் சுற்றிப் பழைய எழுத்து. முப்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி, அந்த இரண்டு மாதமும் தங்கை வீட்டில் சாப்பிட்டார்.

அந்த ராணியின் நாணயங்கள் வேறு சிலவும் உலகத்தில் கிடைத்திருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் அவள் பெயருக்கு முன்னால் 'அரசனின் தாய்' என்று இருக்கும். மகன் சிறுவனாக இருந்ததால் அவனுக்குப் பதிலாக அவள் ஆண்டாள் என்பதுதான் படித்தவர்கள் சொல்வது. அண்ணனுடைய நாணயத்தில் மட்டும் அந்த இரண்டு சொல் இல்லை. வெறும் பெயர். அப்படியென்றால் ஏதோ ஒரு கட்டத்தில் அவள் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆள்வதை விட்டுவிட்டுத் தன் பெயரிலேயே ஆண்டிருக்கிறாள் என்று அண்ணன் முடிவு கட்டினார். பதினோரு வருடம் உட்கார்ந்து அதை ஒரு புத்தகமாக எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முந்நூறு பிரதி அச்சடித்ததில் பாதி விற்றது, மீதி அவர் கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது என்று அவருக்கு அதில் பெரிய பெருமை.

சுண்டு அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருக்கிறாள். முதல் முறை கடமைக்கு. இரண்டாவது முறை அந்த ராணிக்காக. யாரோ ஒருத்தருடைய தாய், யாரோ ஒருத்தருடைய மனைவி என்று இல்லாமல் தன் பெயரை மட்டும் வெள்ளியில் பொறிக்கச் சொன்ன ஒருத்தியை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த காப்பாளர் அம்மாள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அண்ணனைத் தேடி வந்தார். பெண் ஆட்சியாளர்கள் பற்றி ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். அவர்களிடம் அந்த ராணியின் நாணயம் ஆறு இருந்தது, ஏழாவதாக இதையும் வைக்க வேண்டும், நடுவில், தனிக் கண்ணாடிப் பெட்டியில். அந்த அம்மாள் போன பிறகு தங்கைக்கு ஃபோன் செய்து, சட்டை தைக்கக் கொடுக்கலாமா அல்லது இருப்பதே போதுமா என்று கேட்டார். அவர் இப்படியெல்லாம் கேட்டு அவள் கேட்டதே இல்லை.

சுவரில் மாட்டுவதற்கு நாணயத்தைப் பெரிதாகப் படம் எடுத்துத் தர முடியுமா என்று அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தார்கள். லேபில் கேமரா வைத்த மைக்ராஸ்கோப் இருந்தது. கேப்பின் ஓரம் பல்லோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு. அண்ணன் ஒரு சனிக்கிழமை மதியம் நாணயத்தைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்றால் வேலை கெடும் என்று கீழே டீக்கடைக்குப் போய்விட்டார்.

சுண்டு முகத்தை எடுத்தாள், படகை எடுத்தாள். இரண்டும் பிரமாதமாக வந்தன. பிறகு பழக்கதோஷம். முப்பது வருடமாக எது கையில் வந்தாலும் அவள் ஓரத்தைத்தான் பார்ப்பாள். நாணயத்தை நிமிர்த்தி விளிம்பை லென்ஸுக்குக் காட்டினாள்.

விளிம்பில் ஒரு கோடு ஓடியது. மேலிருந்து வந்த வெள்ளித் தகடும் கீழிருந்து வந்த வெள்ளித் தகடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தட்டி ஒட்டப்பட்டிருந்தன. ஒரு இடத்தில் தகடு போதாமல் ஒரு சின்னத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டின் ஓரத்தில் கடுகில் பாதி அளவு பச்சை. செம்பு களிம்பு ஏறினால் வருகிற பச்சை.

அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயதானவர்கள் வாயிலிருந்து கழற்றிய அந்தக் காலத்துக் கேப்புகள் எத்தனையோ அவள் கைக்கு வந்திருக்கின்றன. மேலே மெல்லிய தகடு, உள்ளே வேறு சரக்கு, ஓரத்தில் மடிப்பு. லேபின் தராசில் நாணயத்தை எடை போட்டாள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டாள். முழு வெள்ளியாக இருந்தால் தண்ணீரில் இவ்வளவுதான் குறைய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைவிட அதிகம் குறைந்தது. மூன்று முறை போட்டும் அதேதான்; உள்ளே இருப்பது வெள்ளி இல்லை.

அண்ணன் மேலே வந்தபோது முகத்தையும் படகையும் மட்டும் காட்டினாள். அவர் திரையில் ராணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காதோரம் இருந்த ஒரு முடிச்சுருளை இத்தனை வருடத்தில் அவர் கவனித்ததே இல்லையாம்.

நாலு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்டில் கம்பி ஒரு இழை விட்டிருப்பதைப் பார்த்துவிட்டால் பார்க்காத மாதிரி வரமுடியாது, அதே சமயம் உள்ளே ஆள் நிற்கும்போது கத்தவும் முடியாது என்றார். ஆளை முதலில் மெதுவாக வெளியே கூட்டி வர வேண்டும். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அவ்வளவு பேசியதே அவளுக்குத் தைரியமாக இருந்தது.

மறுநாள் லேபுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். மேஜையில் நாணய உறைகளும் பூதக்கண்ணாடியும் இருந்தன. கண்காட்சியில் பேசப்போகும் பேச்சை எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. விளிம்பின் படத்தை மேஜைமேல் வைத்து, எது மடிப்பு, எது ஒட்டு, எது செம்பு என்று விரல் வைத்துக் காட்டினாள். எடைக் கணக்கையும் சொன்னாள்.

அவர் படத்தை அச்சுத்தாளைப் பார்ப்பது மாதிரி மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எடை குறைச்சலா இருக்கறது எனக்குத் தெரியும்" என்றார். "தேய்மானம்னு அடிக்குறிப்புல எழுதியிருக்கேன்."

"தேயவே இல்லையேண்ணா. முடிச்சுருள்கூடத் தெரியுது."

அவர் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தன் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும் என்றாள்.

"படத்தை அழிச்சிடு சுண்டு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சையில் அவள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியது தெரிந்து, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் ஒப்புக்கொள்ள வைத்த மனிதர் அவர். அந்த மனிதர் இப்போது அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"அழிக்கிறேன்" என்றாள். "உங்க நாணயம், உங்க புஸ்தகம். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சப்புறம் என்னை மாதிரி ஓரத்தைப் பாக்கறவ இன்னொருத்தி வருவாண்ணா. அவ உங்க தங்கச்சியா இருக்க மாட்டா."

சொல்லிவிட்டு அவர் கண்ணெதிரிலேயே ஃபோனிலிருந்த படத்தை அழித்தாள். மேஜைமேல் இருந்த தாளை நாலாகக் கிழித்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். லேப் கம்ப்யூட்டரில் இருந்ததையும் அன்று சாயங்காலமே அழித்துவிட்டு, அழித்துவிட்டேன் என்று அவருக்கு ஒரு வரி அனுப்பினாள்.

அடுத்த எட்டு நாளும் அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை. ஒரு நாள் கணவர் போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. மச்சான் உயிரோடு இருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது, கட்டிலுக்குக் கீழே இருந்த புத்தகமெல்லாம் வெளியே எடுத்து அடுக்கியிருக்கிறது, தன்னை உட்காரச் சொல்லவில்லை என்று வந்து ஒப்பித்தார். சுண்டு வேலையில் ஒரு பாட்டிக்கு வலது பக்கத்துப் பல்லை இடது பக்கத்துக்குச் செய்து வைத்தாள். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்கு, லேப் ஃபோனுக்கு அண்ணன் கூப்பிட்டார்.

"நான் அருங்காட்சியகத்துல இருக்கேன். உன் கேமராவைத் தூக்கிக்கிட்டு வர முடியுமா?"

"எதுக்குண்ணா?"

"இந்த அம்மாகிட்ட நாணயம் போலின்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. ஆதாரம் கேக்கறாங்க. ஆதாரத்தை நான்தான் அழிக்கச் சொல்லிட்டேனே."

முதலாளியிடம் கேட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்பைத் துணியில் சுற்றி, ஆட்டோவில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனாள். காப்பாளர் அம்மாளின் அறையில் நீள மேஜை ஒன்றில் பச்சைத் துணி விரித்து, அருங்காட்சியகத்தின் ஆறு நாணயங்களையும் வரிசையாக வைத்திருந்தார்கள். தள்ளி, தனியாக, அண்ணனுடையது. அண்ணன் தாடியை எடுத்துவிட்டு வந்திருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் பிளேடு கீறியிருந்தது.

சுண்டு விளிம்பைத் திரையில் காட்டினாள். காப்பாளர் அம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று கேட்டார். ஒரு டாக்டர்கூட இதுவரை அவளிடம் அந்தத் தொனியில் எதையும் கேட்டதில்லை. அவள் தன் வேலையைச் சொல்கிற மாதிரியே சொன்னாள். நடுவில் செம்புத் துண்டு. இரண்டு பக்கமும் வெள்ளித் தகடு. ஓரத்தில் மடித்து, சூடுபடுத்தி, சூடு ஆறுவதற்குள் அச்சுக்கு நடுவில் வைத்து ஓங்கி ஒரு அடி. தகடு கொஞ்சம் போதாமல் போயிருக்கிறது, வெட்டிய மிச்சத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒட்டுப் போட்டது தெரியாதபடி தேய்த்தும் விட்டிருக்கிறார்கள். கை சுத்தமான வேலை என்று சொல்லும்போது அவள் குரலில் தன்னையறியாமல் ஒரு மரியாதை வந்தது.

இது இப்போது செய்த போலியா என்று அண்ணன் கேட்டார். காப்பாளர் அம்மாள் இல்லையென்று தலையாட்டினார். களிம்பு தகட்டுக்கு உள்ளேயிருந்து மெதுவாக வெளியே வந்திருக்கிறது, அதற்கு நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்றார். ராணியின் காலத்திலேயே, ராணியின் காசு சந்தையில் ஓடிக்கொண்டிருந்தபோதே, எவனோ ஒருவன் அல்லது எவளோ ஒருத்தி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து செய்த கள்ள நாணயம். அப்படிப்பட்டவை அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் இந்த ராணியுடையது இதுவரை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

அப்படியானால் அந்த இரண்டு சொல் ஏன் விட்டுப்போயிற்று என்பதற்கு அவரிடமும் விடை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனாக இருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் அந்தப் பேச்சில் இல்லை. ஆறு நாணயங்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனவர் நாலாவதில் நின்றுவிட்டார். அது நன்றாகப் புழங்கிய நாணயம். இடது பக்கம் முழுக்க வழவழவென்று தேய்ந்து, அங்கே எழுத்தே இல்லை. வலது பக்கம் ராணியின் பெயர் மட்டும் தெரிந்தது.

"மேடம், எங்க அச்சகத்துல எழுத்துக் கோக்கற கம்பாசிட்டர் ஒருத்தன் இருந்தான்" என்றார். "கையெழுத்துப் பிரதியில ஓரத்தை எலி கடிச்சிருந்தா, மிச்சம் இருக்கற வார்த்தையை இடைவெளியே விடாம நெருக்கிக் கோர்த்துடுவான். படிச்சா ஏதோ அர்த்தம் வேற வந்து தொலைக்கும். நான் பாதி நாள் அவனோடதான் சண்டை போட்டிருக்கேன்." நாலாவது நாணயத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். "இவன் இப்படித் தேஞ்சுபோன ஒண்ணை முன்னால வெச்சுக்கிட்டு அச்சு வெட்டியிருக்கான். இல்லாத எழுத்தை எப்படி வெட்டுவான்? இருந்த எழுத்தைத் தள்ளித் தள்ளி வெச்சு வட்டத்தை ரொப்பிட்டான். எழுத்துக்கு நடுவுல இவ்வளவு இடம் விட்டிருக்கானே, அதை ராஜ கம்பீரம்னு நான் நாப்பத்தோராம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

காப்பாளர் அம்மாள் இரண்டு நாணயங்களையும் மாறி மாறித் திரையில் போட்டுப் பார்த்தார். பெயரின் எழுத்துகள் ஒரே மாதிரி, ஆனால் அண்ணனுடையதில் ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி நின்றது. ஒரு எழுத்து தலைகீழாகக்கூட இருந்தது. அதற்கும் அண்ணன் புத்தகத்தில் ஒரு காரணம் எழுதியிருந்தார். அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள் குலுங்க. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று சுண்டுவுக்குத் தெரியவில்லை. அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். காப்பாளர் அம்மாள் எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போய், வேண்டுமென்றே தாமதமாக வந்தார்.

கண்காட்சியில் அண்ணன் பேசவில்லை. எழுதிய பேச்சு வீணாயிற்று. நடுப் பெட்டியில் வேறு ஒரு நாட்டு அரசியின் நாணயம் வந்தது. அண்ணனுடையது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில், நாலாவது நாணயத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. அடியில் 'அக்காலக் கள்ள நாணயம்' என்று அட்டை. விளிம்பின் படத்தைச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தார்கள். படத்தின் கீழே சுண்டுவின் முழுப் பெயரும் இருந்தது. கணவர் அதற்கு முன்னால் நின்று தன் ஃபோனில் ஏழெட்டுப் படம் எடுத்தார். எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது.

அண்ணன் அன்று பத்து நிமிஷம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நடுப் பெட்டியைப் பார்க்கவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அவர் பிழை திருத்தம் எழுதினார். புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு சின்னச் சீட்டு என்றுதான் ஆரம்பித்தது. நாலு பக்கம் வந்துவிட்டது. 'தேய்மானம் என்று நான் எழுதியது தவறு. ராஜ கம்பீரம் என்று நான் எழுதியது தவறு. ராணி தன் பெயரில் தனித்து ஆண்டாள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சான்று சான்றே அல்ல.' தங்கையின் பெயரையும் கம்பாசிட்டரின் பெயரையும் நன்றியோடு குறிப்பிட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து மீதியிருந்த பிரதிகளில் எல்லாம் அதை ஒட்டினார்கள். புத்தகம் வாங்கியவர்களில் முகவரி தெரிந்தவர்களுக்குத் தபாலில் போயிற்று. இரண்டு பேர் திட்டி எழுதினார்கள். ஒருவர், திருத்தம் புத்தகத்தைவிட நன்றாக இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கடிதம் அண்ணனுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்ததா வருத்தத்தைக் கொடுத்ததா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பத்திரமாக எடுத்து வைத்தார்.

காப்பாளர் அம்மாள் இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுண்டுவைக் கூப்பிடுகிறார். கிடங்கில் இழுப்பறை இழுப்பறையாகக் காசு இருக்கிறது, எதுவும் விளிம்பு பார்க்கப்பட்டதில்லை. அவள் ஒவ்வொன்றாக லென்ஸில் வைத்துச் சொல்லச் சொல்ல, அண்ணன் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். இதுவரை பதினேழு போலி கிடைத்திருக்கிறது. வேலைப்பாடு மோசமாக இருந்தால் சுண்டு உச்சுக்கொட்டுவாள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அண்ணன் திடீரென்று, "இருந்தாலும் அவ தனியாத்தான் ஆண்டிருப்பான்னு எனக்குத் தோணுது" என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

"ஆதாரம் இருக்காண்ணா?"

"இல்ல."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் சுண்டு.

பஸ் வந்தது. கூட்டமாக இருந்ததால் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.